அந்திக் காற்றில் நகர்ந்த முன்சீட்டு

என் கண்ணுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் நேற்று மதியத் தபாலில் வந்தது. அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறாய், வண்டியை வாங்கிக்கொள்ள ஆள் பார்த்துவிட்டாய், அடையாறு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னை டெல்லிக்கு அழைத்துப் போகப் போகிறாய். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசியில் ‘உன் இஷ்டம் என்னம்மா’ என்று ஒரு வரி கேட்டிருக்கிறாய். வக்கீல் வீட்டுப் பிள்ளை அல்லவா, தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சியைக் கூப்பிடுகிறாய்.

ஏன் இந்த அவசரம் என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பங்கஜம் மாமி உனக்கு எழுதியிருக்கிறாள். அவளே வந்து என்னிடம் சொல்லிவிட்டாள். “தப்பா எடுத்துக்காதேங்கோ. சாயங்காலமானா கார் ஷெட்டுல போய் உக்காந்துண்டு அவரோட பேசிண்டிருக்கேள். எங்காத்துல எல்லாரும் பாத்துட்டா. பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?” என்றாள். நான் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் எழுதியது பொய்யில்லை. உன் அப்பா போன பிறகு, அந்தி வேளையில், கார் ஷெட்டில், காலியாக இருந்த முன்சீட்டைப் பார்த்து நான் பேசினேன்தான். ஆனால் என்ன நடந்தது என்பதில் கால்வாசிதான் மாமிக்குத் தெரியும். மீதியை நான் எழுதுகிறேன். படித்துவிட்டு, உன் அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதா, இந்த வீட்டில் அவளைத் தனியாக விடலாமா என்று நீயே சொல். அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து, நீ டெல்லிக்குப் போன பிறகு, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வண்டி அது. லீவில் வந்தபோது பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாய், அவ்வளவுதான். முன்சீட்டின் அருமை உனக்குத் தெரியாது. அது சோபா மாதிரி ஒரே நீளம். ஓட்டுகிறவர், பக்கத்தில் இருப்பவர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவரின் வலது கை தொங்கும் இடத்தில், சீட்டின் அடியோரம், ஒரு சின்ன சுவிட்ச். அதன் முன்முனையை அழுத்தினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். எஞ்சின் பக்கம் இருக்கும் ஒரு மோட்டார் எண்ணெயை அழுத்த, எண்ணெய் சீட்டை முன்னால் தள்ளும். பின்முனையை அழுத்தினால் எண்ணெய்க்கு வழி திறந்து, சுருள் கம்பி சீட்டைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்துக்கொள்ளும். வண்டி வந்த புதிதில் மயிலாப்பூரிலிருந்து உன் அப்பாவின் சிநேகிதர்கள் எல்லாம் இதைப் பார்க்கவே வந்தார்கள். ஒரு பெரிய மனிதர் குழந்தை மாதிரி முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்து, இறங்க மறுத்துவிட்டார்.

உன் அப்பாவின் உயரம் உனக்குத் தெரியும், என் உயரமும் தெரியும். அவர் ஓட்டினால் சீட்டு கடைசி வரை பின்னால் போக வேண்டும். நான் ஓட்டினால் கடைசி வரை முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் என் கால் பிரேக்கை எட்டாது. சீட்டு ஒன்றுதான் என்பதால், நான் ஓட்டும்போது அவர் முழங்காலைத் தாடைக்குக் கீழே மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லஸ் பக்கம் போகும்போது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் அவருக்கு மானம் போய்விடும். “கொஞ்சம் பின்னால விடேன் தாயே, ஜட்ஜ் போறாரு” என்பார். “ஜட்ஜுக்காக நான் பிரேக்கை விடணுமா?” என்பேன். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். ஒரே சீட்டில் இரண்டு பேருக்கும் சௌகரியமான இடம் என்று ஒன்று கிடையாது, அதைத் தேடிக்கொண்டிருக்காதே. யார் ஓட்டுகிறார்களோ அவர்களுக்குக் கால் எட்டட்டும், மற்றவர் மடக்கிக்கொள்ளட்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அதில் எங்கள் காலம் நன்றாகவே போனது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே போய்விட்டு வந்து வண்டியை ஷெட்டில் விட்டதும், இறங்கிக் கதவோரம் நின்று குனிந்து, சுவிட்சை அழுத்திச் சீட்டை முன்னால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே வருவார். காலையில் தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு நான் வண்டி எடுப்பேன், அதற்காக. நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. உள்ளே அடுப்படியில் நிற்கும் எனக்கு அந்த முனகல் கேட்கும். கேட்டதும் காப்பிக்குப் பாலை வைப்பேன்.

போன ஆயுத பூஜைக்கும் வழக்கம்போல அவரே வண்டிக்குச் சந்தனம் வைத்தார். விளக்குகளுக்கு, கதவுகளுக்கு, ஸ்டியரிங்குக்கு எல்லாம் சின்னச் சின்னப் பொட்டு. கடைசியில் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை எல்லாம் விரலால் வழித்து, அந்தச் சுவிட்சின் முன்முனையில் அப்பினார். “ஏங்க, அதுக்கு மட்டும் என்ன இவ்வளவு?” என்றேன். “இது உன் பக்கம். உன்னை இழுத்துக்கினு வரணுமே, தெம்பு வேணாமா?” என்றார். கோவிந்தன் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். கோவிந்தனைத் தெரியுமல்லவா, தோட்டத்தையும் வண்டியையும் பார்த்துக்கொள்கிறவன்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அவர் மாம்பலத்தில் சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினார். வண்டி ஷெட்டுக்குள் வந்த சத்தம் கேட்டது. முனகல் கேட்கவில்லை. பாலை வைக்காமல் நின்றேன். அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். டாக்டர் மயிலாப்பூரிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் நீ இருந்து செய்தது. ஒன்று மட்டும் உனக்குச் சொல்லவில்லை. கூட்டமெல்லாம் போன பிறகு ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சீட்டு கடைசி வரை பின்னால் இருந்தது. அவர் இறங்கின இடம். அதை யாரும் தொடக்கூடாது, உள்ளே துணி போட்டுத் துடைக்கக்கூடக் கூடாது என்று கோவிந்தனிடம் சொல்லிவிட்டேன். சந்தனப் பொட்டுகள் எல்லாம் அப்படியே காய்ந்து நின்றன. பேட்டரி தானாகச் செத்துப்போயிற்று. மழைக்காலம் முழுவதும் வண்டி அப்படியே கிடந்தது.

மாசியில் நீ எழுதினாய், விற்பதென்றால் வண்டி ஓட்டத்தில் இருக்க வேண்டும் என்று. அதன்படி கோவிந்தன் பேட்டரியைச் சார்ஜ் செய்து கொண்டுவந்து மாட்டினான். ஆகவே இதை எழுப்பிவிட்டது நீதான், அதை மறந்துவிடாதே. பங்குனி பிறந்து வெயில் ஏறின பிறகு ஒரு நாள், விளக்கு ஏற்றுகிற நேரத்தில், கோவிந்தன் ஓடி வந்தான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

“அம்மா, நான் தொடலமா. சத்தியமா தொடல. சீட்டு தானா போவுது.”

“என்னடா உளர்ற?”

“நீங்களே வந்து பாருங்கமா. அய்யா உள்ள கீறாரு. சந்தன வாசன வருது.”

நான் போனபோது ஷெட்டில் மேற்கு ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வண்டிக் கதவுகள் மூடியிருந்தன. சாவி என் இடுப்பில் இருந்தது. சீட்டு முழுக்க முன்னால் வந்து, ஸ்டியரிங்கை ஒட்டி நின்றது. என் இடத்தில். கதவைத் திறந்தேன். சந்தன வாசனை முகத்தில் வந்து மோதியது. குளித்துவிட்டு நெற்றியில் சந்தனம் வைக்காமல் அவர் கோர்ட்டுக்குப் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த வாசனைதான். கோவிந்தன் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். நான் பின்முனையை அழுத்திச் சீட்டைப் பழையபடி அவர் விட்ட இடத்துக்கே அனுப்பினேன்.

மறுநாள் அந்தியில் நானே ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தெருவில் ஜட்கா போகிற சத்தம், காக்கைகள் அடங்குகிற சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் வாசனை வந்தது. லேசாக, யாரோ பக்கத்து அறையில் சந்தனம் அரைக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அந்த முனகல். எத்தனை மாதம் ஆயிற்று அதைக் கேட்டு. என் கண்ணெதிரில், யாரும் இல்லாத சீட்டு, மெல்ல, ஒரே சீராக முன்னால் நகர்ந்து வந்து நின்றது. கண்ணு, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் எழுந்து ஓடவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாலை வைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்படித்தான் பேச ஆரம்பித்தேன். நான் பின்னால் தள்ளுவேன், அந்தியில் அது முன்னால் வரும். “உங்க இடத்துலயே இருக்கட்டும்னுதானே வச்சிருக்கேன், ஏன் வர்றீங்க?” என்று கேட்டேன். சில நாள் திட்டினேன். சில நாள் வீட்டு விஷயம் சொன்னேன், உன் சம்பள உயர்வைக்கூடச் சொன்னேன். வராத நாளும் உண்டு. வராத நாளில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்து, சாப்பிடாமல் படுத்துவிடுவேன். பயமாக இருக்கிற ஒன்றுக்காக ஒருத்தி தினமும் காத்திருப்பாளா என்று நீ கேட்கலாம். காத்திருந்தேன். அது வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம்.

கோவிந்தன்தான் வேலையை விட்டுப் போகிறேன் என்று நின்றான். அவனுக்காக ராயப்பேட்டையிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ரஹீம் பாய் என்று பெயர், கார்களின் ஒயர் வேலைக்குப் பேர் போனவர். காலை வெயிலில் வந்தார். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “எலிம்மா. கடிச்சி வச்சிக்கீது பாருங்க. இந்த ஒயரு அந்த இரும்பு மேல பட்டா மோட்டாரு ஓடாம இன்னா பண்ணும்?” உண்மையாகவே எலி கடித்திருந்தது. புது ஒயர் போட்டு, டேப் சுற்றினார். சுவிட்சைப் பலமுறை அழுத்திப் பார்த்தார். ஒழுங்காக வேலை செய்தது. “இனிமே நீங்க சொன்னாத்தான் நகரும்” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்ததா, வருத்தமாக இருந்ததா என்று தெரியவில்லை. அன்று அந்தியில் வாசனை வந்தது, சீட்டும் வந்தது.

எலியும் இல்லை, ஒயரும் இல்லை என்றான பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் கபாலி கோயிலுக்கு வண்டியை எடுத்தேன். அவர் போன பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தாலி இழந்தவள் கார் ஓட்டிக்கொண்டு போவதா என்று தெருவில் முகம் சுளித்தவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டேதான் போனேன். ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சீட்டை அவர் இடத்தைவிட்டு நகர்த்த மனம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை அடுக்கி, விளிம்பில் உட்கார்ந்து, எட்டி எட்டிப் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் கோவிந்தன் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தான். அடையாறு பாலத்தில் ஏறினதும் கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. சந்தன வாசனை வந்தது. எனக்குப் புரிவதற்குள் முனகல் ஆரம்பித்துவிட்டது.

தலையணைகளோடு சேர்த்து என்னை அது முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. மார்பு ஸ்டியரிங்கில் அழுந்திவிட்டது. கையைத் திருப்ப இடமில்லை, மூச்சு விட முடியவில்லை. எதிரில் மாட்டு வண்டி. இடது பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே ஆறு. அப்போதுதான் நான் கத்தினேன், “விடுங்க என்னை, நான் ஓட்டறேன்.” கோவிந்தன் அதைக் கேட்டான். அவன் சொல்லித்தான் மாமிக்கும், மாமி எழுதித்தான் உனக்கும் தெரிந்திருக்கிறது. எப்படியோ காலை அழுத்தி, வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். மாட்டு வண்டிக்காரர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். நான் இறங்கவில்லை. குனிந்து பின்முனையை அழுத்தி மூச்சு விட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். அதைவிட மோசமாக, போனால்தான் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அந்த ஒரு நொடிதான் என்னை உலுக்கியது. அதன் பிறகு ரஹீம் பாய் வந்து, “நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் இது என் கடைல இருக்கட்டும்” என்று பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். நீ ஆபீசில் ஆயிரம் புகார் பார்ப்பாய். ஏதாவது ஒன்று நடக்கிறது என்று யாராவது வந்தால், எப்போது நடந்தது என்று மட்டும் கேட்காதே, எப்போது நடக்கவில்லை என்று கேள். நான் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டேன். சீட்டு வராத நாட்கள் எவை? நான் சாப்பிடாமல் படுத்த நாட்கள்தான், நன்றாக நினைவிருந்தது. எல்லாம் மேல்காற்று அடித்த நாட்கள். கடல்காற்று உள்ளே வராமல், துவைத்த துணி மொடமொடவென்று காய்ந்து, ராத்திரி வரை வீடு அடுப்பாக இருந்த நாட்கள். கடல்காற்று வந்து, உப்பு ஜாடியில் உப்பு கசிந்த நாளில் எல்லாம் சீட்டும் வந்திருக்கிறது. பாய் வந்ததோ காலை வெயிலில். அவர் பார்த்தபோது அது எப்படி நடக்கும்?

ஆள் அனுப்பி, பேட்டரியோடு சாயங்காலம் வரச் சொன்னேன். பாய் தயங்கினார். “அந்த நேரத்துலயாம்மா? மக்ரிபு தொழுவணும்” என்றார். தொழுகைக்கு முன்னால் வந்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் வந்தபோது காற்று திரும்பியிருந்தது, தென்னை ஓலைகள் எல்லாம் மேற்கே பார்த்து ஆடின. பேட்டரியை மாட்டினார். எஞ்சின் பக்கம் மோட்டாருக்குப் போகும் ஒயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு சின்ன பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். “யாரும் அழுத்தாமயே பல்பு எரிஞ்சா, எங்கேயோ கரண்டு திருட்டுத்தனமா வருதுன்னு அர்த்தம்” என்றார். இரண்டு பேரும் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோவிந்தன் வாசலில். ஷெட்டுக்குள் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் வாசனை. பாய் மூக்கை உறிஞ்சினார், என்னைப் பார்த்தார், வாய்க்குள் ஏதோ ஓதினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

அந்த மனிதரைப் பாராட்டத்தான் வேண்டும். பயந்தாலும் வேலையை விடவில்லை. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். எதைப் பிடுங்கினாலும் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினதும் அணைந்தது. மறுபடி சொருகினார், எரிந்தது. “சுச்சுதான்மா. நம்ப கண்ணுக்கு முன்னாடியே இருந்துக்கீது.” டார்ச்சு விளக்கைக் கோவிந்தனிடம் கொடுத்து, அவனையும் உள்ளே வரவழைத்து, சுவிட்சின் பக்கத் தகட்டைத் திறந்தார். திறந்துவிட்டு, நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

உன் அப்பா வைத்த சந்தனம், கண்ணு. வெளியே அப்பினது இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, முன்பக்கத்தில் கரண்டைச் சேர்த்துவிடுகிற தகட்டு நாக்கில் ஒட்டிக் காய்ந்திருந்தது. வெயிலில் அது இறுகிக்கொண்டு நாக்கைத் தள்ளி வைக்கும். கடல்காற்றின் ஈரம் பட்டதும் இளகி, பசையாகி, நாக்கை மெல்ல உள்ளே இழுக்கும். நாக்கு தொட்டதும் மோட்டார் ஓடும். வாசனை ஏன் முதலில் வந்தது என்பதும் அதில் இருக்கிறது. பேய் என்று நாங்கள் பயந்ததற்குப் பாய் காரணம் சொல்லிக்கொண்டே போனார். நான் கேட்கவில்லை. வெளியே சுவிட்சின் மேல் அப்பியிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்த்ததுதான். டார்ச்சு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோதுதான் தெரிந்தது, அதில் ஆள்காட்டி விரல் அழுந்தின குழி. குழிக்குள் ரேகை. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. சின்ன வயதில் பென்சில் சீவும்போது வெட்டிக்கொண்ட தழும்பு என்பாரே, அந்த விரல். அதைப் பிடித்துக்கொண்டுதான் நீ நடை பழகினாய்.

யாரும் இல்லாத வண்டியில் இத்தனை நாளும் என்னை முன்னால் வரச் சொல்லிச் சீட்டைத் தள்ளியது அவர் விரல் அப்பி வைத்த சந்தனம்தான். பேய் இல்லை என்று பாய் நிரூபித்ததும் எனக்கு உடம்பு இன்னும் அதிகமாக நடுங்கியது.

“தொடச்சிடவாம்மா? நீங்க சொல்லாம நான் கை வெக்க மாட்டேன்” என்றார் பாய்.

“மோட்டார் ஒயரை ஒரு தடவை மாட்டுங்க” என்றேன். சுற்றிப் போய், இடது பக்கம், பக்கத்தில் உட்காருகிறவரின் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் முழங்காலை மடக்கிக்கொண்டு வருவாரே, அங்கே. பாய் ஒயரை மாட்டினார். முனகல் வந்தது. சீட்டு என்னையும் சுமந்துகொண்டு, காலியாக இருந்த ஓட்டுகிறவர் இடத்தையும் சேர்த்து, முன்னால் போய் நின்றது. நான் வலது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. இறங்கி வந்து, அந்தக் குழியில் என் விரலை ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். குழி என் விரலைவிடப் பெரியதாக இருந்தது. பிறகு ஈரத்துணி கேட்டு வாங்கி நானே துடைத்தேன். பாலத்தில் எனக்கு வந்த அந்த ஒரு நொடி இன்னொரு தடவை வரக்கூடாது, அதனால் துடைத்தேன். உள்ளே ஒட்டியதைப் பாய் பெட்ரோல் விட்டுக் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, தகட்டை மூடினார்.

மறுநாள் கடல்காற்று நன்றாக வந்தது. சீட்டைப் பழையபடி அவர் இடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்தியில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாசனை வரவில்லை. சீட்டு அவர் இடத்தில் அப்படியே இருந்தது. விளக்கு வைத்த பிறகும் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. நீங்கள் எல்லாம் கூடி அழுதபோது வராத அழுகை. பங்கஜம் மாமி வேலி ஓரம் வந்து நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அதை அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள்.

இன்னொன்று இருக்கிறது. எழுதாமல் விட்டால் எனக்கு நல்லது, எழுதினால் என்னை டெல்லிக்கு இழுத்துப் போக உனக்கே காரணம் கொடுத்த மாதிரி. இருந்தாலும் எழுதுகிறேன், பாதி உண்மை சொல்லி உன்னிடம் ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. பேட்டரி பாயின் கடையில் இருந்ததே, அந்த நாட்களில் ஒரு அந்தியில் பழக்க தோஷத்தில் ஷெட்டுக்குப் போனேன். பாய் எடுத்துக்கொண்டு போவதற்கு முன் சீட்டைப் பின்னால் அனுப்பி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்று அது முன்னால் இருந்தது. வாசனை இல்லை. முனகலும் கேட்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. பாய் திரும்ப வந்து பேட்டரியை மாட்டினதும் நானே அதைப் பின்னால் அனுப்பினேன். வேலை முடிந்த நாளில், பாய் சாமான்களை எடுத்து வைக்கும்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

“பாய், பேட்டரி இல்லாம சீட்டு நகருமா?”

“ஆயில்ல அழுத்தம் மிச்சம் இருந்தா ஒரு அங்குலம் நகரும்மா.”

“முழுசா?”

அவர் பெட்டியைப் பூட்டினார். ஷெட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். “மக்ரிபு ஆயிடுச்சும்மா, நான் கெளம்பறேன்” என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. நானே பின்னால் தள்ள மறந்திருப்பேன், நீ அப்படித்தான் சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அழுது முடித்த மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். தலையணைகளை வீசினேன். உட்கார்ந்து, துடைத்த சுவிட்சில், என் பக்கத்து முனையில், நானே விரலை வைத்து அழுத்தினேன். சீட்டு என் இடத்துக்கு வந்தது. பாலத்தைத் தாண்டி மயிலாப்பூர் போய், மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். அதிலிருந்து சீட்டு முன்னால்தான் இருக்கிறது. அவர் இடம் என்று ஒன்றைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் பாலத்தில் நசுங்கப் பார்த்தேன். இத்தனை நாளும் அது திரும்பத் திரும்ப என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

ஆகவே வண்டி வாங்குகிறவரிடம் இல்லை என்று சொல்லிவிடு. வீட்டுக்கும் வாடகைக்கு ஆள் பார்க்காதே. லீவில் நீ மட்டும் வா. சென்ட்ரலுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வருவேன், பெட்டிகளைக் கோவிந்தன் பின்னால் வைத்துக்கொள்வான். நீ முன்னால் என் பக்கத்தில் உட்காரு. அப்பாவைப் போல உனக்கும் கால் நீளம். மடக்கிக்கொள். வழியில் உன் ஆபீஸ் பெரிய மனிதர்கள் யாராவது பார்த்தாலும் சரி, சீட்டைப் பின்னால் விடச் சொல்லிக் கேட்காதே.

உன் அம்மா